மூக்குக்குள் இருந்த வாத்து

லிபுஷே யாரையாவது மன்னித்ததாக மொராவியாவின் லிபோவ்கா ஊரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் கறிக்கடைக்காரர் ஒருவர் எலும்பையும் சேர்த்து எடை போட்டார் என்று அந்தக் கடைப் படியை மிதிப்பதை நிறுத்தினாள். கடைக்காரர் செத்துப்போனார். கடை செருப்புக்கடையாக மாறியது. இன்றைக்கும் அவள் செருப்பு வாங்க அடுத்த ஊருக்குத்தான் பஸ் ஏறுகிறாள். "ஆளு போனா என்ன, வாசப்படி அதேதானே?" என்பாள்.

இப்படிப்பட்டவள் வீட்டில் போய் ஷ்கோபெக் கை வைத்தான் என்றால் அவனுக்குக் கேடுகாலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் புருஷன் சென்யேக் சர்க்கரை ஆலையில் கடைசல் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. முப்பத்தைந்து வருடமாகப் போர் விமான மாடல் கட்டுவதுதான் அவருக்கு வேலை, பொழுதுபோக்கு, கோயில் எல்லாம். சமையலறையை ஒட்டி உருளைக்கிழங்கும் ஊறுகாய் ஜாடியும் வைக்கிற சின்ன அறை ஒன்று உண்டு. அங்கேதான் அவர் பட்டறை. வண்ணம் தெளிக்கிற ஏர்பிரஷுக்குக் காற்று அடிக்கிற யந்திரம் கடையில் வாங்கியது இல்லை. பழைய ஃபிரிட்ஜின் மோட்டாரைக் கழற்றி அவரே செய்தது. லிபுஷே மாவுருண்டையைக் கொதிநீரில் போடுகிற நேரம் பார்த்துத்தான் அது உறுமத் தொடங்கும். உடனே இவள் ரேடியோவை ஏற்றி வைப்பாள். பெயின்டைக் கரைக்கிற தின்னரின் வாடை வராமலிருக்கக் கதவிடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி அடைப்பாள்.

"என் குழம்புல தின்னர் வாசன வருதாம்னு தெருவே பேசுது," என்பாள்.

"என் தின்னர்ல குழம்பு வாசன வருதுன்னு நான் யார்கிட்டயாச்சும் சொன்னேனா?" என்பார் உள்ளிருந்து. அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான் இருக்கும்.

திட்டிக்கொண்டே இருந்தாலும் அந்த வேலையில் எது எதற்கு என்று அவளுக்குத் தெரியும். மூக்குக்குக் கீழே ஒரு சக்கரமும் இறக்கைக்குக் கீழே இரண்டு சக்கரமும் வைத்து நிற்கிற விமானத்துக்கு மூக்கில் பாரம் வைத்துத்தான் ஒட்ட வேண்டும். மறந்துபோய் ஒட்டி மூடிவிட்டால், எல்லாம் முடித்து மேசையில் நிறுத்தும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் குந்திவிடும். விருந்து சாப்பிட்டு முடித்த ஆம்பளை மாதிரி என்பாள் லிபுஷே. அதற்கப்புறம் திறக்கவும் முடியாது. அதனால் மாடல் கட்டுகிறவன் பெண்டாட்டி பிறந்தநாளை மறந்தாலும் மறப்பான், எந்த மூக்கில் என்ன வைத்தான் என்பதை மறக்க மாட்டான்.

ஊரில் மாடல் கட்டுகிறவர்களின் கிளப்பில் மற்றவர்கள் எல்லாம் தூண்டிலுக்குக் கட்டுகிற ஈயக் குண்டைத்தான் வைப்பார்கள். சென்யேக் வைப்பது கிறிஸ்துமஸ் ஈயம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் கெண்டை மீனும் உருளைக்கிழங்கு சாலட்டும் சாப்பிட்ட பிறகு, எல்லா வீட்டையும் போல அவர்கள் வீட்டிலும் ஈயத்தை உருக்கித் தண்ணீரில் ஊற்றுவார்கள். அது உறைகிற வடிவத்தை வைத்து வருகிற வருடத்துக்குக் குறி சொல்வார்கள். மற்ற வீடுகளில் அந்தத் துண்டை அடுத்த வருடம் மறுபடி உருக்குவார்கள். லிபுஷே அதன் அடியில் காய் நறுக்குகிற கத்தி முனையால் வருடத்தைக் கீறி வைப்பாள். சென்யேக் அதை எடுத்துப் பட்டறையில் போட்டுக்கொள்வார். அந்த வருடம் எந்த விமானம் வாலில் குந்தப் பார்க்கிறதோ அதன் மூக்குக்குள் போகும். இருபத்திரண்டாம் வருடத்துத் துண்டு கழுத்து வளைந்த வாத்து மாதிரி உறைந்தது. சென்யேக் அதைக் கெண்டை மீன் என்றார்.

"மீனுக்கு ஏதுய்யா கழுத்து? அறுபத்தெட்டு வயசாச்சு, இன்னும் வாத்துக்கும் மீனுக்கும் வித்தியாசம் தெரியல," என்றாள் லிபுஷே.

பக்கத்து வீட்டு ஸ்தாஷாதான் குறி சொன்னாள். "வாத்து வந்தா வீடு தேடி விருந்தாளி வருவாங்கடி."

"வந்தா செருப்பைக் கழட்டிட்டு வரச் சொல்லு," என்றாள் லிபுஷே.

அந்த வாத்து பிப்ரவரியில் ஒரு மிக்-15 விமானத்தின் மூக்குக்குள் போனது. நிஜ விமானத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவு. ஒரு அடி நீளம். அதற்கு வெறும் வெள்ளி நிறம் அடிப்பது என்று சென்யேக் முடிவு பண்ணியிருந்தார். பச்சை பழுப்பு என்றால் கோளாறு எல்லாம் வண்ணத்துக்குள் ஒளிந்துகொள்ளும். வெள்ளியில் ஒரு கீறல் ஒளியாது. முதலில் கண்ணாடி போல மின்னுகிற கறுப்பு அடித்து, அது காய்ந்த பிறகு அலுமினியப் பூச்சைப் பனி படிகிற மாதிரி மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். கறுப்பில் முகம் தெரியவில்லை என்றால் வெள்ளியும் வெள்ளியாக இருக்காது.

கறுப்பு அடித்த அன்றைக்கு லிபுஷே கதவிடுக்கில் துண்டு வைக்க மறந்துவிட்டாள். மாவுருண்டைக்கு உதிர்மாவு சலித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாவுப் பொட்டு பறந்து போய் ஈரமான இடது இறக்கையின் அடியில் உட்கார்ந்தது. மூன்று நாள் பேச்சு இல்லை. அவர் தேய்த்து மறுபடி அடித்தார். ஆனாலும் இறக்கை உடம்போடு சேருகிற மடிப்பில், கசகசா அளவுக்கு ஒரு குழி நின்றுவிட்டது. தலைகீழாகக் கவிழ்த்து விளக்கடியில் பார்த்தால்தான் தெரியும். சென்யேக் வாரம் ஒரு தடவை கவிழ்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். இவள் பார்க்கிற மாதிரிதான் விடுவார்.

ஏப்ரலில் வெள்ளி ஏறியது. சமையலறை ஜன்னலில் வைத்தபோது லிபுஷேவே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். "பரவால்ல," என்றாள். அவள் வாயில் அதற்கு மேல் உயர்ந்த சொல் கிடையாது. முடிக்கும் முன்னால் யாருக்கும் காட்டுகிற பழக்கம் சென்யேக்குக்கு இல்லை. அதனால் அந்த வெள்ளியைப் பார்த்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். இன்னும் இறக்கையில் நட்சத்திரமும் எண்ணும் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.

மே மாதம் சென்யேக்குக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு மெல்லத் திரும்பியது. வலது கை திரும்பவில்லை.

ஜூனில் விருந்தாளி வந்தான். ஷ்கோபெக், கிளப்பின் தலைவன். கூடை நிறையப் பழமும் ஒரு போத்தல் ஆப்ரிகாட் பழச் சாராயமும் கொண்டுவந்தான். வெளிக்காலணியைக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்குள் வந்து நின்றான். லிபுஷே அவன் காலைப் பார்த்தாள். அவன் ஜன்னலில் இருந்த மிக்கைப் பார்த்தான்.

"என்ன வேலை! என்ன வேலை!" என்று சுற்றிச் சுற்றி வந்தான். பெண்களை மரியாதையாக அழைக்கிற 'பானி' போட்டுத்தான் பேசினான். "பானி லிபுஷே, இது இங்க இருந்தா தூசி படியும். நீங்களும் ஒண்டியா நோயாளியப் பாத்துக்கணும். கை பட்டுக் கீழ விழுந்தா? கிளப்புல கண்ணாடி அலமாரி இருக்கு. நான் கொண்டுபோய்ப் பத்திரமா வெக்கிறேன். சென்யேக் எப்ப வேணா வந்து பாத்துக்கட்டும்."

சென்யேக் தலையை ஆட்டினார். பெட்டியில் பஞ்சு வைத்து அவனே கட்டிக்கொண்டு போனான். அவன் போனதும் லிபுஷே தரையைத் துடைத்தாள். "செருப்போட வந்தவன் சும்மா போவானா பாரு," என்றாள்.

இலையுதிர் காலத்தில் கிளப்புக்குக் கேக் கொண்டுபோனபோது அலமாரியைப் பார்த்தாள். மிக் இல்லை. ஷ்கோபெக் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கூடக் கலங்கியது.

"எப்படிச் சொல்றதுன்னே தெரியல. கூட்டுற பொம்பள தட்டி விட்டுட்டா. தூள் தூளாப் போச்சு. அதான் வாயத் தெறக்கல."

"தூள் எங்க?"

"என்ன?"

"தூள்னு சொன்னீங்களே. எடுத்து வெச்சிருப்பீங்கல்ல? குடுங்க, கொண்டுபோறேன்."

"அய்யோ, அத எப்பவோ கொட்டியாச்சு."

சென்யேக்கிடம் சொன்னபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "போகட்டும், லிபுஷ்," என்றார். அன்றிலிருந்து பட்டறைக் கதவு மூடிக் கிடந்தது. லிபுஷே அங்கே போய் உருளைக்கிழங்கு மட்டும் எடுத்துக்கொண்டு வருவாள்.

அடுத்த ஏப்ரலில் ஊர்க் கலாச்சார மண்டபத்தில் வருடாந்திரப் போட்டி. சனிக்கிழமை காட்சி, ஞாயிற்றுக்கிழமை பரிசு. மொராவியா முழுக்க இருந்து ஆட்கள் வருவார்கள். உறுப்பினர் வீட்டுப் பெண்கள் ரொட்டித்துண்டு அடுக்குவதும் காபி ஊற்றுவதும் வழக்கம். சென்யேக் வீட்டில் கிடந்தாலும் லிபுஷே போனாள். ஸ்தாஷாவும் அவளும் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். தட்டை எடுத்துக்கொண்டு மேசைகளுக்கு நடுவே போனவள், ஜெட் விமானங்கள் இருந்த மேசையில் நின்றுவிட்டாள்.

பச்சையும் பழுப்புமாக ஒரு மிக்-15. பெரிய அளவு. முகம் பார்க்கிற கண்ணாடி மேல் நின்றது. பக்கத்தில் சீட்டு: ர. ஷ்கோபெக்.

ஊரில் எத்தனையோ மிக் இருக்கும். ஆனாலும் அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். அடிப்பக்கம் தெரிவதற்காகத்தான் கீழே கண்ணாடி வைத்திருந்தார்கள். இடது இறக்கை, உடம்போடு சேருகிற மடிப்பு. அடிப்பக்கத்துக்கு அடித்திருந்த நீல வண்ணத்துக்குள், கசகசா அளவுக்கு ஒரு குழி.

நிமிர்ந்தாள். தட்டை எடுத்தாள். மிச்சமிருந்த ரொட்டித்துண்டை எல்லாம் எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

சென்யேக் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். கோட்டைக் கூடக் கழற்றாமல் சொன்னாள். காலணியை மட்டும் கழற்றியிருந்தாள்.

"உன் மிக் உடையல. மண்டபத்துல நிக்குது. அவன் பேர்ல."

அவர் கேட்ட முதல் கேள்வி, "முழுசா இருக்கா?"

"முழுசாத்தான் இருக்கு."

அவர் முகத்தில் பத்து மாதமாக வராத ஒரு வெளிச்சம் வந்தது. லிபுஷேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னய்யா சிரிக்கிற? பச்சையும் பழுப்புமா அடிச்சு வெச்சிருக்கான்."

"வெள்ளி மேலயா?"

"வெள்ளி மேலதான்."

"தேய்ச்சிட்டு அடிச்சானா?"

"எங்க தேய்ச்சான்? என் மாவுப் பொட்டு அப்படியே தெரியுது."

"சோம்பேறி," என்றார் சென்யேக். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். "விடு, லிபுஷ்."

"எத விடச் சொல்ற? கால்ல செருப்போட வந்தான். உன் கை முடங்கிப்போச்சுன்னு தெரிஞ்சுதான் எடுத்தான். பொட்டுக்குழியக் காட்டினா எவன் நம்புவான்? மூக்கத் தெறந்தா என் வாத்து இருக்கு. இருபத்திரண்டுன்னு நான் கீறினது இருக்கு."

"மூக்கத் தெறக்கணும்னா உடைக்கணும்."

"உடைக்கணும்."

"இனி நான் ஒண்ணு கட்ட மாட்டேன். அதுதான் கடைசி. யார் பேர்ல வேணா நிக்கட்டும். முழுசா நிக்கட்டும். நீ உடைக்க மாட்டேன்னு சொல்லு."

அடுப்பில் குழம்பு இல்லை. இருந்தாலும் லிபுஷே அடுப்புப் பக்கம் திரும்பி வெறும் பாத்திரத்தைக் கிளறினாள்.

மறுநாள் ரொட்டி வெட்டக் கத்தி வேண்டும் என்று ஸ்தாஷாவிடம் சொல்லி வீட்டிலிருந்தே ஒன்று கொண்டுபோனாள். காய் நறுக்குகிற சின்னக் கத்தி.

ஜெட் பிரிவில் தங்கப் பதக்கம் ஷ்கோபெக்குக்கு. தலைமை நடுவர் துரெச்செக் ப்ர்னோ நகரத்திலிருந்து வந்தவர். ஒல்லியான, நிதானமான மனிதர். பதக்கத்தைக் கழுத்தில் போட்டுவிட்டு, வழக்கம்போல, யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார். யாரோ என்ன பெயின்ட் என்று கேட்டார்கள். ஷ்கோபெக் நானூறு மணி நேரம் உழைத்த கதையைச் சொன்னான்.

லிபுஷே மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க, பானி," என்றார் துரெச்செக்.

"இது வாலுல குந்துற ஜாதிதானே. மூக்குல என்ன வெச்சீங்க?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்பு. காபி ஊற்றுகிற பெண்பிள்ளை சரியான கேள்வியைக் கேட்டுவிட்டாள் என்ற சிரிப்பு. ஷ்கோபெக்கும் சிரித்தான்.

"வேற என்ன, தூண்டில் குண்டுதான், பானி லிபுஷே."

"எத்தன?"

ஒரு நொடிதான் தாமதம். "ஆறு."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"மூக்குல வெச்சத யாராச்சும் மறப்பாங்களா?" கூட்டம் மறுபடி சிரித்தது.

"நானும் மறக்கல," என்றாள் லிபுஷே. "அதுக்குள்ள ஒரு வாத்து இருக்கு. எங்க வீட்டு கிறிஸ்துமஸ் ஈயம். அடியில இருபத்திரண்டுன்னு நான் கீறினது. வெச்சு ஒட்டினது என் வீட்டுக்காரர். இந்தப் பச்சைக்கு அடியில அவர் அடிச்ச வெள்ளி இருக்கு. ஷ்கோபெக் எங்க வீட்டுலருந்து தூக்கிட்டுப் போனது இது. உடைஞ்சுபோச்சுன்னு என்கிட்ட பொய் சொன்னதும் இதுதான்."

காபி யந்திரம் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. ஷ்கோபெக் கோபப்படவில்லை. தலையைச் சாய்த்து, இரக்கமாகப் பார்த்தான்.

"பாவம். சென்யேக்குக்கு வாதம் வந்ததுலருந்து இவங்களுக்கும் மனசு சரியில்ல. எங்களுக்கு எல்லாம் புரியுது, பானி லிபுஷே. ஸ்தாஷா, இவங்களுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

"நானா குடுக்கணும்?" என்றாள் ஸ்தாஷா. "அந்த வாத்த நான் பாத்தேன்யா. குறி சொன்னதே நான்தான்."

"ஒரு எக்ஸ்ரே எடுத்தா தெரிஞ்சிரும்," என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ரொம்ப நல்லது!" என்றான் ஷ்கோபெக். "நாளைக்கு நானே கொண்டுபோய் எடுத்துட்டு வர்றேன்."

"நீங்க கொண்டுபோனா வழியில கீழ விழும்," என்றாள் லிபுஷே. "கூட்டுற பொம்பள அங்கயும் ஒருத்தி இருப்பா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் கத்தியை எடுத்துப் பிடியை அவன் பக்கம் நீட்டினாள்.

"இப்பவே தெறங்க. ஆறு குண்டு இருந்தா எல்லார் முன்னாலயும் உங்க கால்ல விழறேன்."

ஷ்கோபெக் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "நானூறு மணி நேரம்! இது எனக்குப் பெத்த பிள்ள மாதிரி. எந்த மாடல்காரனாச்சும் தன் கையால தன் வேலைய உடைப்பானா? நீங்களே சொல்லுங்க."

கூட்டம் தலையாட்டியது. அங்கே இருந்த அத்தனை பேருமே கட்டுகிறவர்கள். உடைக்க மனசு வராதவன்தான் கட்டினவனாக இருக்க வேண்டும் என்று அவர்கள் முகம் சொன்னது. துரெச்செக்கும் தயங்கினார். "பானி, உடைச்ச பிறகு தப்பா இருந்தா, இதைத் திரும்பக் கொண்டுவர முடியாது."

லிபுஷேவுக்கும் கை நின்றது. வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் நினைவு வந்தது. முழுசா நிக்கட்டும்.

அந்த நேரம் ஷ்கோபெக் அவள் அருகே வந்தான். தண்ணீர் டம்ளரைக் கொடுக்கிற மாதிரிக் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். "நீங்க உடைக்க மாட்டீங்க. அவரோட கடைசி வேலை. உங்களால முடியாதுன்னு எனக்குத் தெரியும்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் நம்பியிருந்தது இதைத்தான். எல்லாப் பூட்டையும் விட்டுவிட்டு, அவள் பாசத்தைப் பூட்டாகப் போட்டுத் திருட்டுச் சொத்தைப் பத்திரப்படுத்தியிருக்கிறான். பத்து மாதம் அதை நம்பித்தான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான்.

"என்னடா சொன்ன?" என்றாள் லிபுஷே. அதுவரை கொடுத்த மரியாதை அந்த இடத்தோடு நின்றது. "எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

அவன் வாயைத் திறக்கும் முன்னால் அவள் மிக்கை எடுத்துவிட்டாள். இடது கையில் கோழியைப் பிடிக்கிற மாதிரி உடம்போடு அணைத்துப் பிடித்துக் கவிழ்த்தாள். கத்தி முனையை மூக்குக்கு அடியில், இரண்டு பாதியும் சேருகிற தையலில் வைத்தாள். உள்ளங்கையால் ஒரே ஒரு தட்டு.

மண்டபத்தில் ஒரே நேரத்தில் நாற்பது ஆம்பளைகள் முனகினார்கள்.

மூக்கு வாதுமைக் கொட்டை மாதிரிப் பிளந்தது. முன்சக்கரம் தெறித்து எங்கோ உருண்டது. உள்ளே பசை காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்த ஒரு கட்டியை அவள் கத்தியால் நெம்பினாள். அது மேசைத் துணியில் பொத்தென்று விழுந்தது. வளைந்த கழுத்து, தடித்த பின்பக்கம். துரெச்செக் அதைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அடியில் கீறியிருந்ததை வாசித்தார்.

"இருபத்திரண்டு," என்றார். அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்தார். "குண்டு ஒண்ணும் இல்ல."

"கெண்ட மீன் மாதிரி இருக்கே," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"வாத்து," என்றாள் லிபுஷே.

பிளந்த விளிம்பில் பச்சை வண்ணம் செதில் செதிலாக உரிந்து, அடியில் வெள்ளி தெரிந்தது. துரெச்செக் விரல் நகத்தால் இன்னும் கொஞ்சம் உரித்தார். தேய்க்காமல் அடித்த வண்ணம், வெங்காயத் தோல் போல வந்தது. அவர் அதை விளக்குப் பக்கம் பிடித்துப் பார்த்தார். "இவ்வளவு நல்ல வெள்ளி மேல இந்தச் சாணியப் பூச எப்படி மனசு வந்துச்சு?" என்று ஷ்கோபெக்கிடம் கேட்டார். திருட்டைவிட அதுதான் அவருக்குப் பெரிய குற்றமாகப் பட்டது போல.

பதக்கத்தை யாரும் கழற்றச் சொல்லவில்லை. அவனே கழற்றினான். வார் காதில் மாட்டிக்கொண்டது. லிபுஷே உதவவில்லை.

கிளப் அவளிடம் மன்னிப்பு எழுதிக் கொடுக்கிறோம் என்றது. தங்கத்தை சென்யேக் பெயருக்கு மாற்றுகிறோம் என்றது. தேர்ந்த கை ஒன்று மூக்கைச் சரிசெய்து தரும் என்றது. அவள் எதுவும் வேண்டாம் என்றாள். கேட்டது ஒன்றுதான். கிளப் கூடுகிற மதுக்கடையில், அந்தக் கண்ணாடி அலமாரியில், பிளந்த மூக்கோடு அப்படியே அது இருக்க வேண்டும். சீட்டை அவளே எழுதினாள். சென்யேக் கட்டியது. ஷ்கோபெக் திருடியது. லிபுஷே உடைத்தது.

வீட்டில் விஷயம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. அவள் வாத்தை மேசையில் வைத்தாள். சென்யேக் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். நான்கு நாள் ஒரு வார்த்தை இல்லை. மாவுப் பொட்டுக்கே மூன்று நாள் என்றால் இதற்கு நான்கு நாள் குறைவுதான் என்று லிபுஷே ஸ்தாஷாவிடம் சொன்னாள். ஆனால் அந்த நான்கு நாளும் அவள் ரேடியோவைப் போடவில்லை.

ஐந்தாம் நாள் சூப் குடித்துக்கொண்டிருந்தவர் ஸ்பூனை வைத்தார்.

"எங்க உடைச்ச?"

"எங்கன்னா?"

"தையல்லயா, குறுக்கயா?"

"தையல்லதான். என்ன நெனச்ச? முப்பத்தஞ்சு வருஷமா உன்கூடக் குப்பை கொட்டியிருக்கேன்."

"வெள்ளி?"

"அடியில அப்படியே இருக்கு. ப்ர்னோக்காரர் வாயப் பொளந்துட்டாரு."

அவர் மறுபடி ஸ்பூனை எடுத்தார். "உடைக்காதன்னு சொன்னேன்," என்றார்.

"சொன்ன. நான் சரின்னு சொல்லல."

நீ செய்தது சரி என்று அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த வாரமே பட்டறைக் கதவு திறந்தது. இடது கையால் பழைய டப்பாக்களை அடுக்கத் தொடங்கினார். கட்டுவதற்கு இல்லை, சும்மா அடுக்கத்தான். தின்னர் வாடை மறுபடி வந்தது. லிபுஷே துண்டைச் சுருட்டிக் கதவிடுக்கில் வைத்தாள்.

வாத்து இப்போது சமையலறை ஜன்னலில் நிற்கிறது, தெருவைப் பார்த்துக்கொண்டு. கிளப்பிலிருந்து நீக்கப்பட்ட ஷ்கோபெக் வியாழக்கிழமைதோறும் ஊரின் மறுகோடியில் இருக்கிற கடைக்குக் குடிக்கப் போகிறான். அங்கே பீர் வெதுவெதுப்பாக இருக்கும், நுரையே நிற்காது என்று ஊருக்கே தெரியும். அங்கே போக இந்தத் தெருவைத் தவிர வேறு வழி இல்லை. வியாழக்கிழமை ஐந்தரைக்கு லிபுஷே ஒரு துணியை எடுத்துக்கொண்டு ஜன்னல் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிப்பாள். துடைத்த கண்ணாடியையே துடைப்பாள்.

"கண்ணாடி தேஞ்சிரும்," என்பார் சென்யேக்.

"தேயட்டும். அவன் வர்ற நேரந்தான்."

ஆறு மணிக்கு அவன் வருவான். தூரத்திலேயே ஜன்னலைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் தாண்டுவான். எதிர்ப்பக்கத்தில் நடைபாதை கிடையாது. பனி உருகி, லாரிச் சக்கரம் கலக்கிய சேறு கணுக்கால் வரைக்கும் நிற்கும். ஒவ்வொரு அடிக்கும் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போவான். நல்ல தோல் காலணி. அன்றைக்கு அவள் சமையலறைத் தரையில் நின்றது அதுதான்.

அவன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் லிபுஷே துணியைக் கீழே வைப்பதில்லை. இப்போது டிசம்பர்தான். மார்ச் வரைக்கும் சேறு இருக்கும்.